இறந்தவரைக் கேட்டீர்களா?

“என் பாத்திரம் இறந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறந்தவன் வாள் வீசக்கூடாது என்று இந்த நூலில் எங்கே எழுதியிருக்கிறது?”

மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனை வீர விளையாட்டு ஆடுகின்ற இளைஞரிடையே, பாதி வேடிக்கையாகவும் பாதி வழக்காகவும் எழுகின்ற கேள்வி இது. கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். எனினும் சட்டத்தை எப்படிப் படிப்பது, சாவு என்றால் என்ன, இறந்தவருக்கு நம்மீது உரிமை ஏதும் எஞ்சியுள்ளதா என்ற மூன்று பழைய வினாக்கள் இதற்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. மூன்றாவதே என்னை எழுதத் தூண்டியது. ஆனால் முதல் இரண்டையும் கடந்துதான் அதற்குப் போக வேண்டும்.

விளையாட்டை அறியாதவர்க்குச் சில சொற்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது இதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய இதனை 1974-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது. சதுரங்கத்தில் போல ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது இதில் இல்லை. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர்: ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் குரு. ஒருவர் மட்டும் அவ்வாறு ஏற்காமல், ‘கதவைத் திறக்கிறீர்கள், உள்ளே ஒரே இருள்’ என்று அவர்கள் நடமாடும் உலகை விவரிக்கிறார், ஐயம் எழுந்தால் தீர்ப்பும் சொல்கிறார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர்; நாம் நடுவர் என்றே அழைப்போம். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். எப்போது உருட்டுவது, விழுந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட விதிநூல்கள் சொல்லும். பலர் கூடிப் புனைகின்ற கதை. ஆனால் சட்டப்புத்தகம் உள்ள கதை.

அக்கதையில் சாவு உண்டு. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் உயிர்ப்புள்ளிகள் என்று ஓர் எண் இருக்கிறது. காயம் படப்பட அது குறையும். இறந்தோரை எழுப்பும் மந்திரங்களும் உண்டு. இவையன்றிச் சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே ஒரு கூட்டம் உலவுகிறது: எழுந்து நடக்கும் எலும்புக்கூடுகள், ஜோம்பிகள், இரத்தக் காட்டேரிகள். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ‘அன்டெட்’ என்று ஒரே பெயர். 1897-இல் வெளிவந்த ‘டிராக்குலா’ நாவலுக்கு பிராம் ஸ்டோக்கர் முதலில் இட்டிருந்த பெயரும் அதுவே. நம் மொழியில் நடைப்பிணம் என்ற சொல் இருக்கிறது. உள்ளம் செத்துப்போன மனிதனை வைவதற்கோ அவன்மேல் இரங்குவதற்கோ அதை வழங்குகிறோம். இக்கட்டுரையில் அதன் நேர்ப்பொருளையே கொள்க.

குரு என்ற பாத்திரம் இவ்விளையாட்டில் தோன்றியதே நடைப்பிணங்களால்தான். 1970-களின் தொடக்கத்தில் மின்னசோட்டாவில் ஆர்னசன் தம் நண்பர்களோடு ஆடிவந்த ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒருவர் இரத்தக் காட்டேரியாகி, எவராலும் அடக்கமுடியாத வலிமை பெற்றுவிட்டார். அவரை எதிர்கொள்ளவே குருவை உருவாக்கினார்கள். 1974-இன் விதிநூலில் கடையில் வாங்கத்தக்க பொருள்களின் பட்டியலில் மரச்சிலுவையும் வெள்ளிச்சிலுவையும் இருந்தன. குருக்களுக்குப் படிநிலைகளும் இருந்தன: மூன்றாம் படியில் ‘கிராமக் குரு’, ஆறாம் படியில் ‘ஆயர்’, ஏழாம் படியில் – சிரிக்க வேண்டாம் – ‘லாமா’! கிராமப் பங்குகளிலேயே காலம் கழித்த நான் மூன்றாம் படியைத் தாண்டவில்லை என்பது புரிந்தது.

1980-களில் அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலர் இவ்விளையாட்டைப் பேயோடு உறவாடும் பயிற்சி என்று கடுமையாகச் சாடினர். ஜாக் சிக் என்னும் துண்டுப்பிரசுர ஓவியர் 1984-இல் இதற்கெதிராக ஒரு படக்கதை வெளியிட்டார். அவர் கத்தோலிக்கத் திருச்சபையையும் அதே பேனாவால், அதே வேகத்தோடு தூற்றியவர் என்பதை நம் வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிறுவனத்தார் பேய்களின் பெயர்களை மாற்றிவைத்தனர். பேய்களின் பெயர்களைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. சாவைப் பற்றிய விதிகளே சுவையானவை.

முதலில், வாள் வீச விரும்பும் இறந்தவனின் வழக்கு. டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-இல் வாங்கிய விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2000-இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டு 2003-இல் அதைத் திருத்தியது. சட்டத்தொகுப்பைப் போல ஒவ்வொரு நிலைக்கும் வரையறை தந்த பதிப்பு அது. மயக்கமுற்றவன் செயலற்றவன் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இறந்தவனைப் பற்றியோ, ஆன்மா உடலைவிட்டுப் பிரிகிறது, எச்சிகிச்சையும் பயன் தராது, உடல் இயல்பாக அழுகும், மந்திரத்தால் மீண்டும் உயிர்பெறலாம் என்று மட்டுமே சொல்கிறது. அவன் அசைய முடியாது என்பதை எழுதவில்லை. ஆடுவோர் இதைக் கண்டுபிடித்து இன்றுவரை சிரிக்கிறார்கள்.

அதே பதிப்பில் இன்னொரு விந்தையும் உண்டு. நீரில் மூழ்கி மூச்சடைப்பவனின் உயிர்ப்புள்ளி முதற்சுற்றில் பூச்சியம் ஆகும்; அடுத்த சுற்றில் பூச்சியத்துக்குக் கீழே ஒன்று; மூன்றாவதில் சாவு. இது விதி. அப்படியானால், கத்திக்குத்துப்பட்டுப் பூச்சியத்துக்குக் கீழே எட்டாம் புள்ளியில் கிடப்பவனைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினால்? எழுத்தின்படி அவன் உடனே எட்டுப் புள்ளி தேறிப் பூச்சியத்துக்கு ஏறிவிடுகிறான்! தண்ணீரில் அமுக்குவதே முதலுதவி ஆகிவிடுகிறது.

இவ்விரண்டும் ஒரே வகைச் சிக்கல் என்று பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. மூழ்குதல் பற்றிய விதியை எழுதியவர், நல்ல உடல்நிலையோடு நீரில் விழுந்தவனை மனத்தில் வைத்து எழுதினார். குத்துப்பட்டுக் கிடப்பவன் அவர் நினைவில் வரவில்லை. இத்தகைய இடத்திற்கு அரிஸ்டாட்டில் தந்த மருந்தை அக்குவினாஸ் தோமையார் எடுத்தாள்கிறார். அடைக்கலமாக வைத்த பொருளைக் கேட்டவுடன் திருப்பித் தருக என்பது சட்டம். வாளை வைத்துச் சென்றவன் சித்தம் கலங்கிய நிலையில் வந்து கேட்டால் தரலாமா? தரக்கூடாது, ஏனெனில் பொதுவாக நிகழ்வதைக் கருதியே சட்டம் எழுதப்படுகிறது என்கிறார் அவர். எழுத்தைவிட்டு அதன் நோக்கத்தைப் பற்றிக்கொள்ளும் அந்த நேர்மையை ‘எப்பிக்கேயா’ என்று இறையியல் மாணவர்க்குக் கற்பிப்பார்கள். தண்ணீர்த் தொட்டி வழக்கை நடுவர் ஒரு நொடியில் தீர்க்க அது போதும்.

இறந்தவனின் வழக்கிற்கு அந்த மருந்தே தேவையில்லை. 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 17-ஆம் எண், சட்டங்களை அவற்றின் சொற்களுக்கு உரிய பொருளில், வாசகத்தையும் அதன் சூழலையும் நோக்கிப் புரிந்துகொள்ளச் சொல்கிறது. அப்படியும் ஐயம் நீங்காவிடில்தான் ஒத்த இடங்களையும், சட்டத்தின் நோக்கத்தையும், இயற்றியவரின் மனத்தையும் நாடவேண்டும். ‘இறந்தான்’ என்ற சொல்லை விதிநூல் படைக்கவில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் தம் பாட்டியின் உடலருகே நின்றவர்கள், அண்டை வீட்டுச் சாவுக்குப் போய்வந்தவர்கள். அச்சொல்லை அவர்களே கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். விதி அதைக் கடனாகப் பெற்று, ஆட்டத்திற்கு வேண்டியதை மட்டும் அதன்மேல் ஏற்றுகிறது. அசையாமை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை மறுப்பவர் விதியைக் கூர்ந்து படித்தவர் அல்லர். படிப்பதற்கு முன்பே தாம் அறிந்திருந்த ஒன்றை மறந்ததுபோல் நடிப்பவர்.

சாவு எந்த நொடியில் வருகிறது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. இங்கே விதிகள் ஐம்பது ஆண்டுகளில் நடந்துவந்த பாதையை நான் மரியாதையோடு பார்க்கிறேன். 1974-இல் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் சாவு, பேச்சுக்கு இடமில்லை. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய நடுவர் நூலில், பூச்சியத்தை அடைந்தவர் மயங்கி விழுவார். பின்னர் சுற்றுக்கு ஒரு புள்ளி குறைந்து, பூச்சியத்துக்குக் கீழே பத்தைத் தொட்டால்தான் சாவு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ, விழுந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று தோல்விகள் சேருமுன் மூன்று வெற்றிகள் சேர்ந்தால் பிழைத்துக் கிடப்பார். இருபதே விழுந்தால் கண் திறந்து எழுவார். ஒரு தோழர் ஓடிவந்து காயத்தைக் கட்டினாலும் காப்பாற்ற இயலும். பதிப்புக்குப் பதிப்பு, வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே இருந்த கோடு அகன்று ஒரு திண்ணையாகிவிட்டது.

நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைக்கப்படும் எந்தக் குருவும் அந்தத் திண்ணையை அறிவார். வாசலிலேயே அழுகுரல் கேட்கும். “போயிட்டாருங்க சாமி” என்பார் ஒருவர். “இல்ல சாமி, இன்னும் உடம்புல சூடு இருக்கு” என்பார் மகள். குரு மருத்துவர் அல்லர். அந்த வழக்கைத் தீர்க்கும் கருவி அவர் பையில் இல்லை. ஆனால் 1005-ஆம் எண் அவருக்குத் துணைநிற்கிறது: நோயாளி இறந்துவிட்டாரா என்று ஐயம் இருக்கும்போது அருளடையாளத்தை வழங்கவேண்டும். ஐயத்தின் பயன் படுக்கையில் கிடப்பவருக்கே.

மருத்துவ உலகும் இத்திண்ணையில் நெடுநேரம் நின்றிருக்கிறது. செயற்கை மூச்சுக்கருவி வந்தபின், மூளை முற்றிலும் செயலிழந்தும் இதயம் துடிக்கும் உடல்களை என்ன சொல்லி அழைப்பது? 1968-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று அதற்கு அளவுகோல் தந்தது. இந்தியாவில் 1994-இன் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்று, அதைச் சான்றளிக்க மருத்துவர் நால்வர் கொண்ட குழுவை ஏற்படுத்தியது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் சோதனை இருமுறை நடக்கவேண்டும். இரண்டாம் முறை எதற்கு என்று பொறுமையிழந்து கேட்பவர், அந்த ஆறு மணி நேரம் யாருக்காக ஒதுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, என் மனத்தை விட்டு அகலாத வழக்கு. ஒரு குழுவில் ஐவர். குகைச் சண்டையில் போர்வீரன் இறந்துவிடுகிறான். அவனை எழுப்ப, 2003-இன் விதிப்படி, ஐயாயிரம் பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. குழுவின் மந்திரவாதி சொல்கிறான்: “இவன் உடலை நடக்கவைக்கிறேன். நம் மூட்டைகளைச் சுமக்கட்டும். பொறிகள் உள்ள வழியில் முன்னே போகட்டும். ஆன்மா போய்விட்டது, எஞ்சியது இறைச்சிதானே? நாம் நால்வர் பிழைப்போம். யாருக்கு நட்டம்?” போர்வீரனை ஆடியவர் மேசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

விதிநூல்கள் இதை விரும்பவில்லை என்பது தெளிவு. ஏன் என்பதுதான் தெளிவில்லை. 1978-இன் நூல் இது அடிப்படையில் நற்செயல் அன்று என்றும், நல்ல குருக்கள் தக்க காரணத்தோடும் கவனத்தோடும் மட்டுமே செய்யலாம் என்றும் கூறியது. 2000-இன் பதிப்பில் மந்திரம் தீயது என்று முத்திரையிடப்பட்டது. ஆனால் எழுந்து நடக்கும் எலும்புக்கூடு நன்மையும் தீமையும் அற்றதாகவே இருந்தது. 2003-இல் எலும்புக்கூடும் தீயதாகிவிட்டது. 2014-இன் நூலோ இது நற்செயல் அன்று, தீயோரே அடிக்கடி செய்வர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

காரணம் கேட்டால் ஆடுவோர் இரண்டு சொல்வார்கள். முதலாவது ஆபத்து: ஐந்தாம் பதிப்பில் நாள்தோறும் மந்திரத்தைப் புதுப்பிக்காவிடில், நடைப்பிணம் கட்டுக்கு அடங்காமல் உயிருள்ளோரைத் தாக்கும். ஆனால் ஆபத்துதான் காரணமென்றால் வலுவான சங்கிலி போதுமே. இரண்டாவது, அதை இயக்கும் ஆற்றலே தீய ஆற்றல் என்பது. இது காரணம் அன்று. தீயது ஏன் தீயது என்று கேட்டவனிடம், அது தீயதால் ஆனது என்று சொல்வது.

எனவே 17-ஆம் எண் காட்டிய வழியில் ஒத்த இடங்களைத் தேடுவோம். 2003-இன் நூலிலேயே அவை கிடைக்கின்றன. இறந்தவரை எழுப்பும் மந்திரங்கள் எதுவும், திரும்பிவர விரும்பாத ஆன்மாவின்மீது பலிக்காது. மேலும், தன்னை அழைப்பவர் யார் என்பது ஆன்மாவுக்குத் தெரியும்: அவர் பெயர், நல்லவரா தீயவரா என்பது, எத்தெய்வத்தை வணங்குபவர் என்பது. அதைக் கொண்டே வர மறுக்கலாம். ஒரு விளையாட்டின் விதிநூலில் இப்படியொரு வரியை நான் எதிர்பார்க்கவில்லை. பேரரசனும் தன் வைரக்குவியலோடு, இறந்தவரின் ‘சரி’ என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. மந்திரங்களில் மிக உயர்ந்த ஒன்று உண்டு. இருபத்தைந்தாயிரம் பொற்காசு மதிப்புள்ள வைரங்கள் அதற்கு வேண்டும். இறந்தவரின் உடலில் ஒரு துகளும் எஞ்சாவிட்டாலும் அது எழுப்பும். இன்னார் என்று ஐயமின்றிக் குறித்தால் போதும். பிறந்த அல்லது இறந்த இடத்தையும் காலத்தையும் சொல்வதே வழக்கம். (பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பேணுகிறவன் என்ற முறையில் இவ்விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.) உடலே தேவைப்படாத இந்த மந்திரமும் ஓரிடத்தில் தோற்கிறது. அவருடைய உடல் நடைப்பிணமாக எங்கோ உலவிக்கொண்டிருந்தால், முதலில் அந்த நடைப்பிணம் அழிக்கப்பட வேண்டும். அதற்குப் பின்பே அவர் எழமுடியும். இறந்தவரிடம் வினாக் கேட்டு விடை பெறும் மந்திரமும், நடைப்பிணமாக்கப்பட்ட உடலிடம் வாய் திறக்காது.

மந்திரவாதி சொன்னது உண்மையாயின் இவ்விதிகளுக்குப் பொருளே இல்லை. ஆன்மா போய்விட்டது, எஞ்சியது இறைச்சி என்றால், அந்த இறைச்சி தொலைவில் எங்கோ மூட்டை சுமப்பது ஆன்மாவின் வருகையை ஏன் தடுக்கவேண்டும்? ஏதோ ஒன்று இன்னும் கட்டுண்டு கிடக்கிறது என்றே விதிநூல் பேசுகிறது. மந்திரவாதியின் இலாபத்துக்கு நட்டப்படுபவர் ஒருவர் இருக்கிறார். மேசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் அவர் சார்பில்தான் இருக்கிறார். ஆன்மாவே உடலின் வடிவம் என்றும், பிரிந்த ஆன்மா தனித்து நின்று முழு மனிதன் ஆகாது என்றும் கற்பித்த அக்குவினாஸ் தோமையாருக்கு இவ்விதி வியப்பளித்திராது. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிச் செல்ல வேண்டும். இவ்விளையாட்டு ‘உயிர்ப்பு’ என்று அழைப்பது, நான்காம் நாள் கல்லறையிலிருந்து வெளியே வந்த இலாசரின் திரும்புதலைப் போன்றது. அவர் மீண்டும் இறக்க வேண்டியவர். நாம் அறிக்கையிடும் உயிர்ப்பு அதுவன்று.

எழுப்புதல், நடக்கவைத்தல் இரண்டிலும் அசையாத உடல் அசைகிறது. முன்னதில் அவரைக் கேட்கிறார்கள், பின்னதில் கேட்பதில்லை. வேறுபாட்டை நான் இவ்வாறே காண்கிறேன். ஜோம்பி என்ற சொல் வந்த வழியும் இதற்குச் சான்று பகர்கிறது. அது ஹெய்ட்டி நாட்டின் சொல். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்கர் அடிமைகளாக உழைத்து மடிந்தனர். 1791-இல் கிளர்ந்தெழுந்து 1804-இல் விடுதலை நாட்டை நிறுவினர். அம்மக்களின் அச்சக்கதைகளில் ஜோம்பி யாரையும் கடிப்பதில்லை. அவனே இரங்கத்தக்கவன்: செத்தும் உழைப்பு முடியாதவன், கல்லறைக்குள்ளும் முதலாளியின் கை நீண்டுவந்து எழுப்பிக்கொண்டு போனவன். 1932-இல் வெளிவந்த ‘ஒயிட் ஜோம்பி’ என்ற திரைப்படத்தில் நடைப்பிணங்கள் ஒரு கரும்பாலையை இயக்குகின்றன. ஒருவன் இயந்திரத்திற்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பியும் பாராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ‘மூட்டைகளைச் சுமக்கட்டும்’ என்ற மந்திரவாதியின் குரல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இதற்கு மறுபக்கத்தில் தோபித்து நிற்கிறார். நினிவே நகரில் கொல்லப்பட்டு மதிலுக்கு வெளியே எறியப்பட்ட தம் மக்களின் உடல்களை மன்னனுக்குத் தெரியாமல் எடுத்துப் புதைத்தவர்; விருந்து உண்ண அமர்ந்த வேளையில் செய்தி கேட்டு உணவைத் தொடாமல் எழுந்து ஓடியவர். அந்த உடல்களால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. இழப்பே மிகுதி, சொத்தும் போயிற்று.

“அப்படியானால் இறந்தவர் உடலைப் பிறருக்குப் பயன்படுத்துவதே தவறா? கண்தானமும் சிறுநீரகமும் என்னாவது?” என்று கேட்கத் தோன்றும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் ‘வாழ்வின் நற்செய்தி’ மடலில் உறுப்புக் கொடையைப் பாராட்டினார். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர் மாநாட்டில் பேசியபோது அதன் அடித்தளமாக அன்பையும், கொடுப்பவரின் அறிந்த இசைவையும் வலியுறுத்தினார். கொடை என்பதற்குக் கொடுப்பவர் ஒருவர் இருக்கவேண்டும். பிரிட்டனில் 1832-இன் உடற்கூற்றுச் சட்டம், பணியில்லங்களில் இறந்து உரிமை கோருவாரின்றிக் கிடந்த ஏழைகளின் உடல்களை மருத்துவக் கல்விக்கு ஒப்படைக்க வழிசெய்தது. மருத்துவம் அதனால் வளர்ந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஏழைகளை யாரும் கேட்கவில்லை. செல்வர் வீட்டுச் சவப்பெட்டியைத் திறக்கச் சட்டம் துணியவுமில்லை.

சரி, அவரே முன்னதாகச் சம்மதித்திருந்தால்? கூர்மையான ஆட்டக்காரர் இதைக் கேளாமல் விடமாட்டார். “நான் இறந்தபின் என் எலும்புகள் நம் ஊரைக் காக்கட்டும்” என்று போர்வீரன் எழுதி வைத்திருக்கிறான் என்க. கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் வெளிவந்த ‘எபரான்’ என்னும் ஆட்ட உலகில் இக்கேள்விக்கு இரண்டு நாடுகள் இருக்கின்றன. கார்நாத் நாடு, போரில் மடிந்த தன் வீரர்களை நடைப்பிணப் படையாக மீண்டும் களத்துக்கு அனுப்புகிறது. ஏரனால் தீவின் எல்ஃப் இனத்தார், தங்கள் முன்னோரில் சிறந்தவர்களை மக்களின் பக்தியால் அழியாமல் நிலைநிறுத்தி, அவர்களிடம் அறிவுரை கேட்கின்றனர். முன்னதில் அரசுக்கு ஆள்தேவை. பின்னதில் மக்களுக்கு மூத்தோர்மேல் அன்பு. பின்னது எனக்கும் ஓரளவு ஈர்ப்பாகவே இருக்கிறது. அறிவுள்ள மூத்தோரை விட்டுவிட யாருக்குத்தான் மனம் வரும்?

ஆயினும் சம்மதம் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அதற்கும் விளையாட்டிலேயே சாட்சி உண்டு. லிச் என்றொரு பாத்திரம்; பிணத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. இங்கிலாந்தின் கோவில் முற்றங்களில் சவப்பெட்டியை இறக்கிவைத்துக் குருவுக்காகக் காத்திருக்கும் கூரைவாயிலின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சாக மனமின்றித் தன் ஆன்மாவைத் தானே ஒரு பேழைக்குள் பூட்டிவைத்துக்கொண்ட மந்திரவாதிதான் லிச். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முழுச் சம்மதத்தோடு செய்தான். எல்லா நடைப்பிணங்களிலும் அச்சந்தருவது அவனே. ஒருவர் தம் உடலைக் கொடையாகத் தரலாம். முடிவே இல்லாத ஊழியத்திற்குத் தம்மையே அடிமையாக எழுதிக்கொடுக்க முடியாது. கண்ணைத் தந்தவரின் கொடை ஒருநாள் நிறைவுறுகிறது. எஞ்சியதை நாம் அடக்கம் செய்கிறோம். எலும்புக்காவலனுக்கு எந்த நாளில் விடுதலை? இருபத்தைந்தாயிரம் பொற்காசு வைரமும் முதுமையால் இறந்தவரை எழுப்பாது என்று 2003-இன் நூல் வரம்பிட்டிருப்பது நினைவுக்கு வருகிறது.

எனவே நடுவர் இருக்கையில் நான் இருந்தால், மந்திரவாதியைத் தடுக்கமாட்டேன்; விதி அவனுக்கு அந்த ஆற்றலைத் தந்திருக்கிறது. கைகட்டி உட்கார்ந்திருப்பவர் பக்கம் திரும்பி, “உங்கள் வீரன் என்ன சொல்வான்?” என்று முதலில் கேட்பேன். விடையைப் பொறுத்து ஆட்டம் நடக்கட்டும். சிலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். சிலர் நெடுநேரம் பேசாமல் இருப்பார்கள்.

அந்த நால்வருக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஒரு துணைநூலில் குருக்களுக்கான எளிய சடங்கு மந்திரம் ஒன்று சேர்க்கப்பட்டது. முதல் நிலையிலேயே கற்கலாம். ஒரு மணி நேரம் ஆகும். இருபத்தைந்து பொற்காசு மதிப்புள்ள வெள்ளிப் பொடி போதும். திருமணம் உட்படப் பல சடங்குகளுக்கு அது பயன்படும். அவற்றுள் ஒன்று அடக்கச் சடங்கு. அதைப் பெற்ற உடலை ஏழு நாள்களுக்கு எந்த மந்திரவாதியும் நடைப்பிணமாக்க இயலாது. யாவற்றையும் மாற்றவல்ல ஒரே ஒரு மாமந்திரம் மட்டும் விலக்கு. நம் இல்லங்களில் ஏழாம் நாள் திருப்பலி வரைக்கும் உறவினர் வீட்டைவிட்டு அகலாமல் இருப்பார்களே, ஏறக்குறைய அந்தக் கால அளவு. எட்டாம் நாள் கல்லறையருகே யார் நிற்பார் என்பதற்கு நூலில் விதி இல்லை. அதை மேசையைச் சுற்றி இருப்பவர்கள்தாம் பேசி முடிவு செய்யவேண்டும்.